விழிஞ்ஞத்துச் சிப்பியும் விலங்கியல் படிப்பும்

(திருவனந்தபுரத்தில் நடந்த கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் "படிப்பும் எதிர்காலமும்" வரிசையில் இதுவரை சி.ஏ. பற்றிப் பேசியாகிவிட்டது, ஸாஃப்ட்வேர் பற்றி இரண்டு தடவை பேசியாகிவிட்டது, ஐ.ஏ.எஸ். பற்றியும் பேசியாகிவிட்டது. விலங்கியல் பற்றி ஒருவரும் பேசவில்லை என்று காரியதரிசி சொன்னார். முப்பத்தைந்து வருஷம் கல்லூரியில் அதையே சொல்லிக் கொடுத்தவன் என்பதால் என்னைப் பிடித்துவிட்டார். ஐந்து மணிக்குக் காபி என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் வீடுகளில் இந்தப் பேச்சு எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும். குழந்தை ப்ளஸ் டூவில் பயாலஜி எடுத்திருக்கும். எல்லோரும் எம்.பி.பி.எஸ். என்று நினைத்துக்கொண்டிருப்போம். நீட் தேர்வில் கொஞ்சம் மார்க் குறையும். அப்போது அந்தப் பெண் மெதுவாக, "தாத்தா, நான் பி.எஃப்.எஸ்ஸி. சேரட்டுமா? ஜுவாலஜி படிக்கட்டுமா?" என்று கேட்கும். வீட்டில் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. பிறகு இரண்டு ஆட்சேபணைகள் வரும். "மீன் நாற்றத்திலேயா போய் நிற்கப் போறே?" என்று பாட்டி கேட்பாள். தாத்தா இன்னும் கனமாக, "ஜீவஹிம்சை ஆச்சே" என்பார். இரண்டுமே நியாயமான கேள்விகள். நான் அவற்றைச் சிரித்துத் தள்ளப் போவதில்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் உங்களை நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டரில், கோவளத்தை ஒட்டி இருக்கிறது விழிஞ்ஞம். ஆய் மன்னர்களின் பழைய துறைமுகம். பாண்டியனும் சோழனும் இதற்காகப் படையெடுத்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய குடைவரைக் கோயில் ஒன்று அங்கே உண்டு. உள்ளே வீணாதர தக்ஷிணாமூர்த்தி. கோவளத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிற நம்மவர்களில் பத்தில் ஒருவராவது இந்தக் கோயிலைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். அது போகட்டும், நான் பேச வந்தது கோயிலைப் பற்றி இல்லை. அந்தக் கடற்கரைப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிப்பியைப் பற்றி.

விழிஞ்ஞத்தில் சிப்பி என்றால் முத்துச் சிப்பி இல்லை. பாறையில் கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும் பழுப்பு நிறச் சிப்பி. வடகேரளத்தில் கல்லுமேக்காய் என்று சொல்வது இதன் பச்சை நிறப் பங்காளி. பழுப்புச் சிப்பி கொல்லம் பக்கத்திலிருந்து கன்னியாகுமரி வரை இருக்கிறது. மூச்சடக்கி மூழ்கி, இரும்பு உளியால் பாறையிலிருந்து பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். அந்தக் கரையில் எத்தனையோ குடும்பங்கள் இதை நம்பியே இருந்திருக்கின்றன.

1947ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முதலில் மண்டபத்தில் இருந்தது, 1971ல் தலைமையிடம் கொச்சிக்கு மாறியது. அதன் விழிஞ்ஞம் மையத்தில் 1970களின் தொடக்கத்தில் இந்தச் சிப்பியைக் கயிற்றில் வளர்த்துப் பார்த்தார்கள். அந்த முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மாமிகள் ரசிப்பார்கள், ஏனென்றால் இது ஏறக்குறையப் பூத்தொடுக்கிற வேலை. மூங்கிலும் சவுக்குக் கழியும் கட்டி, பீப்பாய்களின் மேல் ஒரு மிதவை செய்துகொள்வார்கள். பாறையிலிருந்து இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் அளவுள்ள குஞ்சுச் சிப்பிகளைச் சேகரித்து, ஒரு தடித்த கயிற்றைச் சுற்றி வரிசையாக வைத்து, மேலே கொசுவலைப் பருத்தித் துணியைச் சுற்றித் தைத்துவிடுவார்கள். அந்தக் கயிற்றைக் கடலில் தொங்க விடுவார்கள். சிப்பி தன் காலருகே இருக்கும் சுரப்பியிலிருந்து பட்டு நூல் மாதிரி ஒன்றை விட்டு, சில நாட்களில் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். அதற்குள் கொசுவலைத் துணி உப்புத் தண்ணீரில் மக்கி உதிர்ந்துவிடும். தீனி போட வேண்டாம், கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை அது தானே வடிகட்டிச் சாப்பிடும். ஐந்து முதல் ஏழு மாதத்தில் அறுவடை. இதே முறையில் பச்சைச் சிப்பியை 1990களின் பிற்பகுதியிலிருந்து காஸர்கோடு மாவட்டத்துப் படன்ன, செறுவத்தூர் பக்கத்துப் பெண்கள் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து வளர்த்து, குடும்ப வருமானம் பார்த்தார்கள்.

"துணி தானாக மக்க வேண்டும், ஆனால் சிப்பி பிடித்துக்கொண்ட பிறகுதான் மக்க வேண்டும்" என்பதைக் கண்டுபிடிக்க ஒருவர் அந்தக் கயிற்றின் பக்கத்திலேயே பொழுது விடிந்து பொழுது போக உட்கார்ந்திருக்க வேண்டும். விலங்கியல் படிப்பின் பெரும்பகுதி இந்த மாதிரி உட்கார்ந்திருப்பதுதான். விண்ணப்பப் படிவத்தோடு தரும் புத்தகத்தில் இதை யாரும் எழுதுவதில்லை.

அடுத்தது பெயர் விஷயம். 1976ல் பி.எஸ். குரியாகோஸும், கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல் துறைப் பேராசிரியர் என். பாலகிருஷ்ணன் நாயரும் இந்தப் பழுப்புச் சிப்பி ஒரு புதிய இனம் என்று விவரித்து, பெர்னா இண்டிகா என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவின் பெயரையே சூட்டிவிட்டார்கள். எதை வைத்து? பச்சைச் சிப்பியின் நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும், இதற்கு நேராகக் கூர்ந்திருக்கும். பச்சைக்கு அடி விளிம்பு உள்வாங்கியிருக்கும், இதற்கு நேர்க்கோடு. இடது ஓட்டில் பச்சைக்குச் சிறு பற்கள் இரண்டு, இதற்குப் பெரிதாக ஒன்று. இப்படி நூற்றுக்கணக்கான சிப்பிகளைத் திறந்து, அளந்து, ஒப்பிட்டுச் சொன்னார்கள். நாற்பது வருஷம் பாடப் புத்தகங்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் அந்தப் பெயர்தான்.

2016ல் நியூசிலாந்து, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓட்டின் வடிவத்தையும் டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்த்ததில், இது தனி இனம் இல்லை, ஓமான் பகுதியில் வாழும் பெர்னா பெர்னா என்ற சிப்பிதான், நூறு வருஷத்துக்கு முன்பே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது என்று அதில் சொன்னார்கள். கப்பலின் அடிப்பலகையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்பது நியாயமான ஊகம். அதாவது நம்மூர்ச் சிப்பி என்று நினைத்தது அரபிக்கடலின் அக்கரைச் சரக்கு!

இதைக் கேட்டு ஒரு பழைய மாணவர் எனக்குப் போன் செய்து, "ஸார், அப்போ நாம படிச்சதெல்லாம் வேஸ்ட்டா?" என்றார். எப்படி வேஸ்ட் ஆகும்? 1976ல் இருந்த கருவி கண்ணும் அளவுகோலும் நுண்ணோக்கியும். அவற்றைக் கொண்டு அவர்கள் செய்த வர்ணனை அவ்வளவு சுத்தமாக இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் எடுத்துவைத்து ஒப்பிட முடிந்தது. பூர்வபக்ஷத்தை ஒழுங்காகச் சொல்லாமல் ஸித்தாந்தத்துக்குப் போக முடியாது என்பது நம் சாஸ்திரம் படித்தவர்களுக்குத் தெரியும்.

சரி, ஒரு சிப்பிக்கு என்ன பெயராக இருந்தால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். அதற்கு நான் 1997க்கு வர வேண்டும்.

அந்த வருஷம் செப்டம்பரில் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டவர்களுக்கு உதடு மரத்துப்போனது. கை கால் மரத்தது. சிலருக்கு மூச்சே நின்றது. ஏழு பேர் இறந்தார்கள். 500க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சாப்பிட்டது அந்த ஊர் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிற அதே பழுப்புச் சிப்பி. கெட்டுப்போனதும் இல்லை. பார்த்தாலும் முகர்ந்தாலும் வித்தியாசம் தெரியாது.

காரணம் இதுதான். கடலில் சில சமயம் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஒருசெல் உயிரிகள் பெருகும். அவற்றில் சில வகை, ஸாக்ஸிடாக்ஸின் என்ற விஷத்தை உண்டாக்கும். சிப்பி மணிக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரை வடிகட்டுகிற ஜந்து. அந்த உயிரிகளைத் தின்று விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பெரிய உபாதை தெரியாது, சாப்பிடுகிற மனிதனுக்குத்தான் ஆபத்து. நம் நரம்பு செய்தி அனுப்புவதற்கு ஸோடியம் உள்ளே போக ஒரு வாசல் இருக்கிறது. விஷம் அந்த வாசலை அடைத்துவிடும். நரம்பு பேசாது, மூச்சுத் தசை நிற்கும். மாற்று மருந்து கிடையாது. விஷம் உடம்பை விட்டு வெளியேறும் வரை செயற்கையாக மூச்சுக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். கொதிக்க வைத்தாலும் இந்த விஷம் போகாது. இதைத் தமிழ்நாட்டிலும் பார்த்திருக்கிறோம். 1981ல் வயலூரில் மட்டி சாப்பிட்டு மூன்று பேர் இறந்தார்கள், 85 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

விழிஞ்ஞம் சம்பவத்தை ஆராய்ந்து 1998ல் வெளியுலகுக்குப் பதிவு செய்தவர்களில் மங்களூர் மீன்வளக் கல்லூரியின் இந்திராணி கருணாசாகர், இத்யா கருணாசாகர் தம்பதியர் முக்கியமானவர்கள். 1969ல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் இந்தியாவின் முதல் மீன்வளக் கல்லூரி. அங்கே சேர்ந்த முதல் வருஷத்துப் பையன்களிடமும் யாராவது ஒருவர் "மீன் நாற்றத்திலேயா?" என்று கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இப்போது தாத்தாவின் கேள்விக்கு வருகிறேன். இந்தச் சிப்பி விஷத்தைச் சோதிக்கப் பல காலம் இருந்த முறை எலிச் சோதனை. சிப்பிச் சாற்றை 20 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு ஊசி போட்டு, எத்தனை நிமிஷத்தில் சாகிறது என்று பார்ப்பார்கள். பதினைந்து நிமிஷத்தில் ஒரு சுண்டெலியைக் கொல்லும் அளவுக்கு "ஒரு எலி அலகு" என்றே பெயர். கேட்கவே கஷ்டமாக இருக்கிறதல்லவா? எனக்கும்தான். ஆனால் ஏழு பேர் செத்த கடற்கரையில் நின்றுகொண்டு இந்தச் சோதனையே கூடாது என்று சொல்ல என்னால் முடியாது. இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர்களும் அதே துறைக்காரர்கள்தான். விஷத்தை ரசாயனக் கருவியில் பிரித்து அளக்கும் முறைகள் வந்து, எலிக்கு வேலை குறைந்திருக்கிறது. நூறு கிராம் சிப்பிச் சதையில் 80 மைக்ரோகிராமுக்கு மேல் விஷம் இருந்தால் விற்கக் கூடாது என்ற வரம்பை இப்போது எலி இல்லாமலே பார்க்கலாம்.

கல்லூரியிலும் நிலைமை மாறிவிட்டது. என் காலத்தில் கரப்பான், தவளை, சுறாக்குட்டி என்று வரிசையாக அறுத்தோம். பரீட்சைக்கு முதல்நாள் தவளை கிடைக்காவிட்டால் ஊரே அல்லோலகல்லோலப்படும். இத்தனை அறுக்க வேண்டிய அவசியமே இல்லை என்று நான் வேலையில் இருந்தபோதே நினைத்ததுண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2011ல் இதைக் குறைக்க வழிமுறை கொடுத்தது, 2014ல் விலங்கியல் பட்டப்படிப்புகளில் அறுவையை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆகவே இன்றைக்கு பி.எஸ்ஸி. ஜுவாலஜி சேருகிற குழந்தை கத்தியோடு ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஆனால் மீன்வளப் படிப்பும் கால்நடைப் படிப்பும் வேறு. மீனைக் கையில் எடுக்க வேண்டும், திறந்து பார்க்க வேண்டும், செத்த மாட்டின் உடலைப் பரிசோதிக்க வேண்டும். இதை மறைத்துச் சொல்லிச் சேர்ப்பது குழந்தைக்குச் செய்கிற துரோகம். சாப்பிட வேண்டுமா என்றால், வேண்டாம். சைவமாக இருந்துகொண்டே இதில் முனைவர் பட்டம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தொட முடியாது, வாசனை தாங்காது என்று நினைக்கும் குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். தாங்கும் என்று சொல்லும் குழந்தையைத் தடுக்கவும் வேண்டாம்.

"நம்மவர்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை" என்று சிலர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். பழைய பி.எஸ்ஸி. மாணவர்களுக்கு ஏகாம்பரநாத ஐயர் புத்தகம் என்றால் விலங்கியல்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு இயக்குநராக இருந்தவர் ஆர். கோபால ஐயர். அவரிடம் பயின்ற என்.கே. பணிக்கர்தான் பின்னாளில் நான் முன்பு சொன்ன கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1940ல் கைப்புத்தகம் எழுதிய டி.வி. ராமகிருஷ்ண ஐயரை விவசாயக் கல்லூரிகளில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். இவர்கள் வீட்டிலும் பூஜை நடந்தது, அமாவாசைத் தர்ப்பணம் நடந்தது. அமாவாசை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கடல் நன்றாக உள்வாங்குவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான். விழிஞ்ஞம் பாறைக்கு மாணவர்களை அழைத்துப் போகும் நாளை நான் பஞ்சாங்கம் பார்த்துத்தான் குறிப்பேன். தர்ப்பணத்தை முடித்துக்கொண்டு ஓடுவேன். துறைத் தலைவருக்குக் கடைசிவரை இந்த ரகசியம் தெரியாது.

அங்கே மாணவர்கள் என்ன செய்வார்கள்? 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் ஒரு கம்பிச் சட்டம். அதைப் பாறையில் வைத்து, உள்ளே அகப்பட்ட சிப்பிகளை எண்ணி, நீளம் அளந்து, எடை போட்டு, நோட்டில் எழுதுவார்கள். அடுத்த மாதம் அதே பாறை. அதற்கடுத்த மாதமும் அதே பாறை. வருஷக் கடைசியில் எப்போது குஞ்சு ஒட்டுகிறது, எப்போது வளர்கிறது என்று படம் போடலாம். பையன்களுக்கு முதல் மாதம் பிக்னிக், மூன்றாவது மாதம் அலுப்பு. பெண்கள் பொறுமையாகச் செய்வார்கள்.

இந்த அலுப்பான நோட்டுப் புத்தகத்துக்கு இப்போது வேலை வந்துவிட்டது. விழிஞ்ஞத்தில் பெரிய சர்வதேசத் துறைமுகம் வந்திருக்கிறது. 2015 டிசம்பரில் கட்டத் தொடங்கி, 2024 ஜூலையில் முதல் சரக்குக் கப்பல் வந்து, 2025 மே 2ஆம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2025 ஜூனில் வந்த எம்.எஸ்.சி. இரினா ஏறக்குறைய 400 மீட்டர் நீளம். பத்மநாப ஸ்வாமி கோயில் கோபுரத்தைப் படுக்க வைத்தாலும் அந்தக் கப்பலுக்கு அருகில் வராது. நாட்டுக்கு நல்ல காரியம். அதே நேரம் அலைத்தடுப்புச் சுவர், மண் அள்ளுதல் எல்லாம் சிப்பிப் பாறைகள் இருக்கும் கரையில்தான். 2022ல் மீனவர்கள் மாதக்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். வாழ்வாதார இழப்பீட்டுப் பட்டியலில் சிப்பி எடுப்பவர்களும் இருந்தார்கள். முன்பு எவ்வளவு சிப்பி இருந்தது, இப்போது எவ்வளவு குறைந்தது என்று யாராவது எண்ணி வைத்திருந்தால்தானே இழப்புக்கு ஒரு கணக்குச் சொல்ல முடியும்? 2025 மே 25ஆம் தேதி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்ஸா 3 என்ற கப்பல் மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் நம் திருவனந்தபுரம் கரைவரை ஒதுங்கின. அப்போதும் இதே கேள்விதான். முன்பு என்ன இருந்தது?

இன்னொன்றும் இருக்கிறது. அக்காலத்தில் ஓமானிலிருந்து மரக்கலத்தில் ஒரு சிப்பி வந்து குடியேறியது என்றால், இன்றைக்கு உலகத்தின் எல்லாத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் வருகிறது. அடிப்பாகத்தில் ஒட்டியும் வரலாம், பாரத்துக்காக ஏற்றிக்கொள்ளும் தண்ணீரிலும் வரலாம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்கக் கண்டத்துக் கரைகளைச் சேர்ந்த மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா என்ற சிப்பி கேரளக் காயல்களில் புகுந்திருப்பது 2019ல் பதிவாயிற்று. அஷ்டமுடிக் காயலில் அது பரவியது. இந்தக் காயலின் மட்டித் தொழில்தான் 2014ல் இந்தியாவிலேயே முதலாவதாக சர்வதேசத் தரச் சான்று வாங்கியது. மீனவர்கள் புதுச் சிப்பிக்கு "வரத்தன் கக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள், வந்தேறிச் சிப்பி என்று அர்த்தம். ஓட்டைப் பார்த்து, இது நம்முடையது, இது வரத்தன் என்று சொல்லத் தெரிந்த ஆட்கள் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வேண்டும். இனம் கண்டு சொல்லும் அந்த வித்தையைப் படிக்க வருபவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பதுதான் இந்தத் துறையில் எங்களுக்குள்ள கவலை.

கடைசியாக நடைமுறை விஷயம். பெற்றோர்கள் பென்சில் எடுத்துக்கொள்ளலாம். பி.எஃப்.எஸ்ஸி. நான்கு வருஷம். கேரளத்தில் நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை, ஆகவே எம்.பி.பி.எஸ்.ஸுக்கு எழுதிய பரீட்சை வீணாகாது. பனங்ஙாட்டில் மீன்வள, கடல் ஆய்வுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக் கல்லூரி 1977லிருந்து இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் 2012ல் ஏற்பட்டது. அங்கே ப்ளஸ் டூ மதிப்பெண்ணே போதும். மேற்படிப்புக்கு மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிலையம். கடல் உயிரியல் மட்டும் வேண்டுமென்றால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம், அல்லது நம் காரியவட்டத்திலேயே கேரளப் பல்கலைக்கழகத் துறை. மத்திய ஆராய்ச்சி நிலையங்களில் விஞ்ஞானி ஆவதற்கு தனியாகப் போட்டித் தேர்வு உண்டு. எந்தப் பட்டத்துக்கு எந்தப் பதவி என்பதை அறிவிப்பில் பார்த்துவிட்டே முதுகலையில் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். வெறும் எம்.எஸ்ஸி. ஜுவாலஜியோடு நிறுத்தினால் வேலை கிடைப்பது கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸாஃப்ட்வேர் சம்பளம் ஆரம்பத்தில் வராது. கரையோர ஊரில், படகில், மழையில் நிற்க வேண்டியிருக்கும்.

வரப் பிரியப்படும் குழந்தைகளை நான் விழிஞ்ஞம் பாறைக்கு அழைத்துப் போகத் தயார். மழைக்காலம் முடிந்து கடல் அடங்கிய பிறகு, அடுத்த அமாவாசைக்கு மறுநாள் காலையில். பழைய செருப்பு, தொப்பி, ஒரு நோட்டு, பென்சில் போதும். பேனா வேண்டாம், உப்புத் தண்ணீர் பட்டால் எழுத்து அழிந்துவிடும். பெயர் கொடுக்க வேண்டியவர்கள் காபிக்குப் போவதற்கு முன் காரியதரிசியிடம் கொடுத்துவிடுங்கள்.